வால்பாறை மழைக்காட்டில் ஒரு நடவுக் காலம்

ஞாயிறு, மலை ஏறும் வழி

ஜூன் கடைசி. பொள்ளாச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஆழியாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் காற்று மாறிவிட்டது. இந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் பாறைமேல் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன. பஸ்ஸில் பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் போன். ஓட்டுநர் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார்.

அட்டகட்டி தாண்டியதும் பனிமூட்டம். கவர்க்கல் பக்கம் கார்வர் மார்ஷின் சிலை பாதிதான் தெரிந்தது. இந்த மலையில் தேயிலை கொண்டுவந்த ஆரம்பகால ஆங்கிலேயர்களில் அவர் ஒருவர். 1890களில் தொடங்கிய வேலை அது. சில பத்தாண்டுகளில் இந்த மேட்டுநிலத்தின் மழைக்காட்டைப் பெருமளவு வெட்டித் தேயிலையும் காபியும் வைத்துவிட்டார்கள். வெட்டியவர்களும் நட்டவர்களும் சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஏழைகள். மலேரியாவிலும் குளிரிலும் எத்தனையோ பேர் இங்கேயே இறந்தார்கள். சிலை அவர்களுக்கு இல்லை.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் என்று பெரிய காடுகள். நடுவில் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் அங்கங்கே வெட்டாமல் விடுபட்ட மழைக்காட்டுத் துண்டுகள். சில துண்டுகள் சில ஏக்கர், சில துண்டுகள் நூறு, இருநூறு ஹெக்டேர். பல துண்டுகள் எஸ்டேட் கம்பெனிகளின் நிலத்திலேயே இருக்கின்றன. உண்ணிச்செடி மூடி, விறகுக்கு வெட்டி, காபி பரவிச் சீரழிந்த அந்தத் துண்டுகளை மறுபடி மழைக்காடாக்கும் வேலையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, அதாவது என்.சி.எஃப்., 2000களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட்களோடு சேர்ந்து செய்துவருகிறது. திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் இருவரும் தொடங்கிய வேலை. அதில் இந்த நடவுக் காலத்தில் கொஞ்சம் கைகொடுக்கத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் இங்கே என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் ஊர் உடுமலைப் பக்கம். எங்கள் தென்னைக்குப் பாய்வது பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்க்காமலே இத்தனை வயது ஆகிவிட்டது. இதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

திங்கள், நாற்றங்கால்

காலை ஏழரைக்கு நாற்றங்கால். பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகரப் பட்டை, அதில் மரத்தின் பெயரும் விதை எடுத்த மாதமும். வெடிப்பலா, பாலி, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், காட்டு உருத்திராட்சம், காட்டுப்புன்னை, சோழவேங்கை, சந்தனவேம்பு, நாலைந்து வகை நாவல். இத்தனை வருடங்களில் 150க்கும் மேற்பட்ட மர, கொடி, புதர் வகைகளை இங்கே வளர்த்திருக்கிறார்கள். தனியார் நர்சரியில் போய் "மழைக்காட்டு நாற்று" என்று கேட்டால் ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாவற்றையும் இங்கேதான் விதையிலிருந்து கொண்டுவர வேண்டும்.

நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முன்பு கொழுந்து பறித்தவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. என்னைப் பார்த்ததும் "கண்ணு, காலுக்கு அட்டை சாக்ஸ் போட்டீங்களா?" என்றார். போட்டிருந்தேன். அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கத் துணியைத் தைத்து முழங்கால்வரை கட்டும் உறை அது. அது இல்லாமல் இந்த மழையில் காட்டுக்குள் காலை வைக்க முடியாது. சிலர் புகையிலையைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் தடவிக்கொள்கிறார்கள்.

விதை பற்றி அக்காவிடம் கற்றதுதான் இன்றைய நாள் முழுக்க. நெல்லையோ துவரையையோ காயவைத்து மூட்டை கட்டி அடுத்த வருடம் விதைக்கிறோம். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு அது ஆகாது. காய்ந்தால் செத்துவிடும். மண்ணில் விழுந்த சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் முளைக்க வேண்டும். ஈரமும் நிழலும் எப்போதும் இருக்கும் இடத்தில் வளர்ந்த மரத்துக்குக் காத்திருக்கத் தேவையே இருந்ததில்லை. அதனால் இங்கே விதை வங்கி வைக்க முடியாது. எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்த வருடம் பழுக்காமல் விட்டுவிடும் என்று தெரிந்து, விழும் நேரத்தில் போய் எடுக்க வேண்டும். சில மரங்கள் வருடம் தவறிக் காய்க்கின்றன. ஒரு வருடம் விட்டால் அந்த மரத்து நாற்றே இல்லை.

எடுப்பதும் காட்டுக்குள் இல்லை. காட்டுக்குள் விழும் விதை காட்டுக்கு. சாலையோரம் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போவதைத்தான் எடுக்கிறார்கள். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை உட்காரும் மரத்தடியில் எச்சத்தோடு விழுந்த விதைகள், மரநாய் எச்சத்தில் கிடக்கும் விதைகள், எல்லாம் சேரும். பறவையின் வயிற்றுக்குள் போய்வந்த விதை என்றால் சதை நீங்கிச் சுத்தமாக இருக்கும், கழுவும் வேலை மிச்சம் என்றார் அக்கா.

மதியத்துக்குமேல் எனக்கு மண் சலிக்கும் வேலை. மண், மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல். பையில் போட்டுத் தட்டி நிரப்பி, முளைவிட்டிருந்த கருங்குங்கிலியத்தை நாற்றுப்பாத்தியிலிருந்து எடுத்து வைத்தோம். வேர் மடங்கக் கூடாது. மடங்கினால் பைக்குள்ளேயே சுருண்டு, நட்ட பிறகு மூன்றாம் வருடம் சாயும். அக்கா கையை வைத்துப் பார்த்தே எந்தப் பையில் மண் இறுகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார். இந்த வெடிப்பலாக்கள் முழங்கால் உயரம் வர ஒன்றரை வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது. இன்று நான் பைக்கு மாற்றியவை 2 மழைக்காலம் இங்கேயே நிற்கும்.

செவ்வாய், நடவு

ஜீப்பில் நாற்றுக் கூடைகள், பின்னால் நாங்கள். தேயிலைச் சரிவு முடிந்து ஓடைப் பக்கம் இறங்கும் ஒரு காட்டுத் துண்டு. பெரிய மரங்கள் சில நிற்கின்றன. அவற்றின் கீழே மனிதர் உயரத்துக்கு உண்ணிச்செடி. அதன்மேல் போர்வையாய் மைக்கேனியா கொடி. இடையிடையே ரொபஸ்டா காபி. யாரும் நடாத காபி அது. மரநாயும் குரங்கும் பழத்தைத் தின்று கொட்டையைப் போட்ட இடமெல்லாம் முளைத்து, காட்டு நாற்றுகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. காபிக்கு நிழலுக்காக வைத்த மீசாப்சிஸ் என்னும் ஆப்பிரிக்க மரமும் அப்படியே. அதன் பழத்தை இருவாச்சிகள் விரும்பித் தின்கின்றன, ஆகவே பரப்பவும் செய்கின்றன. காட்டின் பறவையே அயல் மரத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும்போது யாரைத் தடுப்பது?

சரி, மரம் நடுவது என்றால் நாங்கள் ஊரில் செய்வது என்ன? ஜே.சி.பி. வைத்து இடத்தைச் சுத்தம் செய்து, கயிறு பிடித்துக் குழி எடுத்து, ஒரே மாதிரி கன்றுகளை நட்டு, போட்டோ எடுப்பது. இங்கே சுத்தம் செய்யும் வேலை குழிக்கு முன்னால் வாரக்கணக்கில் நடக்கிறது. அரிவாளோடு நாலைந்து பேர். ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்து, அதற்குக் கீழே தானாக முளைத்திருக்கும் காட்டு நாற்று ஏதாவது உண்டா என்று தேடி, இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, அதைச் சுற்றி மட்டும் வெட்டுகிறார்கள். விரல் நீளமுள்ள, இரண்டு இலை விட்ட ஒரு செடியைப் பார்த்து "இது பாலி, விட்ருங்க", "இது காபி, பிடுங்குங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டும் பளபளப்பான பச்சை இலைதான். காலை முழுக்க நான் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குமேல் காபி நாற்றை மட்டும் கேட்காமலே பிடுங்க வந்துவிட்டது.

என்னோடு வேலை செய்த அண்ணன் இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர். தாவரவியல் படிக்கவில்லை. நூறு மரத்துக்குமேல் இலையை வைத்தே சொல்வார், பட்டையைக் கீறி முகர்ந்தும் சொல்வார். மழைக்காட்டை மீட்பது பற்றிய கட்டுரைகளில் விஞ்ஞானிகளின் பெயர் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் இந்த அறிவு இல்லாமல் ஒரு ஹெக்டேர்கூட நகராது என்பதை இந்தச் சரிவில் நின்று பார்த்துவிட்டேன்.

நடவு இப்படி. குழிகளுக்கிடையே ஒன்றரை, இரண்டு மீட்டர். வரிசை கிடையாது. வெயில் விழும் இடத்தில் சீக்கிரம் வளரும் வகைகள், நிழலில் வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய் போன்ற மெதுவானவை, ஓடைக்கரையில் ஈரம் தாங்குபவை. ஒரே வகை இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, சுற்றிலும் மிதித்து, வெட்டிப் போட்ட உண்ணிச்செடியையே மேலே மூடாக்காகப் போட வேண்டும். கிழித்த பைகளை இடுப்பில் கட்டிய சாக்கில் சேர்த்துக்கொள்கிறோம். மாலையில் நட்ட நாற்றும் கிழித்த பையும் கணக்கு சரியாக வர வேண்டும், ஒரு பை காட்டில் கிடக்கக் கூடாது.

மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைசிக் கூடையை இறக்கும்போது மேலே எங்கோ ரயில் எஞ்சின் மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் நெருங்கி வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். இருவாச்சி ஜோடி ஒன்று, ஒன்றின் பின் ஒன்றாக, தேயிலைக்கு மேலே கடந்து போய் எதிர்ச் சரிவின் பெரிய மரத்தில் இறங்கியது. இறக்கையின் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணன் இத்தனை வருடம் பார்த்தவர், அவரும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் பார்த்தார்.

புதன், சின்னக்கல்லார்

கனமழை. நடவு இல்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பதினோரு மணிக்குக் கொஞ்சம் விட்டது, ஒரு நண்பரின் வண்டியில் சின்னக்கல்லார் போய்வந்தோம். தென்னிந்தியாவிலேயே மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நீரார் அணைக்கட்டு அங்கேதான்.

இங்கே தேங்கும் தண்ணீர் சுரங்கவழியாகச் சோலையாறு அணைக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் பரம்பிக்குளத்துக்கு. அப்புறம் தூணக்கடவு, சர்க்கார்பதி மின்நிலையம், அங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை. அதன்பிறகு எங்கள் வாய்க்கால். மேற்கே போய் அரபிக்கடலில் சேர வேண்டிய ஆற்றுநீரைக் கிழக்கே திருப்பிய திட்டம். ஊரில் தண்ணீர் திறக்கும் தேதிக்காக நாங்கள் ஆண்டுதோறும் சண்டை போடுகிறோம், முறை வைத்துப் பிரிக்கிறோம், கடைமடைக்கு வரவில்லை என்று மறியல் செய்கிறோம். இந்த மேட்டுநிலத்தில் காடு எவ்வளவு மிச்சம் என்று ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே வித்தியாசம் கண்ணில் பட்டது. தேயிலைச் சரிவிலிருந்து சாலைக்கு இறங்கும் ஓடை செம்மண் நிறம். அரை கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையில் அடியிலிருக்கும் கல் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே மழைதான்.

வியாழன், புதுத்தோட்டம்

வால்பாறை டவுனை ஒட்டியே இருக்கிறது புதுத்தோட்டம் காட்டுத் துண்டு. நூறு ஹெக்டேருக்கும் குறைவு. நடுவே சாலை. இதற்குள் சிங்கவால் குரங்குகள், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை, 150க்கும் மேல் இருக்கின்றன. தொண்ணூறுகளில் சில பத்துகளே இருந்தன. எண்ணிக்கை கூடியது நல்ல சேதி என்று சொல்லி நிறுத்திவிட முடியவில்லை. வெளியேறிப் போக வழியில்லாத ஒரு தீவில் கூடியிருக்கிறது. மரத்தைவிட்டு இறங்காது என்று பெயர்பெற்ற குரங்கு, இங்கே தரையில் நடக்கிறது, குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது, வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது.

சாலையின் குறுக்கே, இரு பக்க மரங்களையும் இணைத்து ஏணி போலப் பின்னிய பாலங்கள் தொங்குகின்றன. சாலை அகலமானபோது மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த கிளைகள் போய்விட்டன, அதற்கு ஈடாகக் கட்டியவை. காலையில் ஒரு கூட்டம் கடந்தது. பெரிய ஆண் முதலில் வந்து நின்று, கீழே பார்த்து, கடந்து போனது. பின்னால் குட்டியை வயிற்றில் ஒட்டிய தாய்கள். ஒரு இளம் குரங்கு பாதிப் பாலத்தில் நின்று விளையாடத் தொடங்க, பின்னால் வந்தது அதைத் தள்ளிக்கொண்டு போனது. எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபதுக்குமேல் விட்டுவிட்டேன்.

கீழே சாலையில் ஒரு அண்ணன் சிவப்புக் கொடியோடு நிற்கிறார். குரங்குகள் தரையில் இறங்கும்போது வண்டிகளை நிறுத்துவதுதான் அவர் வேலை. மழையிலும் நிற்கிறார். இன்று நான் அவரோடு நின்றேன். வெளியூர் கார்கள் நின்றதும் கண்ணாடி இறங்குகிறது, பிஸ்கட் நீள்கிறது. "கொடுக்காதீங்க சார், ரோட்டுக்கு வந்து பழகிடும், நாளைக்கு ஒரு வண்டி அடிச்சிரும்" என்று ஒவ்வொரு காருக்கும் அதே பொறுமையோடு சொல்கிறார். சிலர் கேட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள். சிலர் கொஞ்ச தூரம் போய் நிறுத்திப் போட்டார்கள். இந்தச் சாலையில் அடிபட்டுச் செத்த குரங்குகளை அவர் கையால் எடுத்திருக்கிறார். அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளி, லைன் வீட்டில் ஒரு மாலை

பகலில் நடவு. செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலிருந்து கீழே ஓடைவரை முடித்தோம். மாலையில் நாற்றங்கால் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

எஸ்டேட் லைன் வீடு. நீளமான ஒரே கட்டடத்தில் ஏழெட்டுக் குடும்பம், ஒவ்வொன்றுக்கும் முன்னறை, சமையலறை. பக்கத்து வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி. இப்போது கொழுந்து பறிப்பவர்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைய. இங்கே பிறந்த பிள்ளைகள் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிடுகிறார்கள்.

ஆறரை மணிக்கு அக்காவின் போனுக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் பதிவுசெய்த குரல், தமிழில்: இந்த எஸ்டேட்டில், இந்த இடத்துக்குப் பக்கத்தில் யானைகள் நிற்கின்றன, கவனமாக இருங்கள். அக்கா உடனே மகனுக்குப் போன் போட்டார். "எங்கடா இருக்க? மேல ஸ்டோர்கிட்டயே இரு. நடந்து வராத. ஜீப் வந்தா அதுல வா." வாசலில் வந்து பார்த்தேன். முக்குச் சாலையில் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யானை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தால் எரியும் விளக்கு. கைபேசியில் அழைத்தே எரியவைக்கலாம், அந்தப் பொறுப்பு இங்கே குடியிருக்கும் சிலரிடமும் இருக்கிறது.

வால்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் வந்துபோகின்றன. பகலில் காட்டுத் துண்டுகளில் நின்றுவிட்டு, இருட்டியதும் தேயிலை வழியாக அடுத்த துண்டுக்கோ ஆற்றோரத்துக்கோ நகரும். அவற்றின் பாட்டிகள் நடந்த பாதை அது, தேயிலையும் லைன் வீடும் பின்னால் வந்தவை. இங்கே யானையால் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று என்.சி.எஃப். ஆய்வாளர்கள் ஒவ்வொரு சம்பவமாக விசாரித்தபோது தெரிந்தது, பெரும்பாலானவர்களுக்கு யானை அங்கே நிற்பதே தெரியாது என்பதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள். அதனால் வேலியும் அகழியும் யோசிப்பதற்கு முன்னால், யானை எங்கே நிற்கிறது என்பதை மாலைக்குள் எல்லோருக்கும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடும் வரி, பிறகு எஸ்.எம்.எஸ்., சிவப்பு விளக்கு, குரல் அழைப்பு. இந்த வேலைக்காக என்.சி.எஃப். ஆய்வாளர் எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அக்கா சொன்னது வேறொரு கோணம். "முன்னாடி யானைன்னா பட்டாசு, தீப்பந்தம், கத்தல். ராத்திரி பூரா தூக்கம் இருக்காது. அதுவும் மிரண்டு ஓடும், நாங்களும் மிரண்டு ஓடுவோம். இப்ப எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுட்டா, அது போற வரைக்கும் உள்ள இருந்துக்கறோம்." பயம் போய்விட்டதா என்றேன். "அதெப்படிப் போகும்? ரேஷன் கடைக் கதவ ரெண்டு தடவ ஒடச்சிருக்கு." ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும்தான் யானைக்கு அரிசி, பருப்பு வாசனை அடிக்கும் இடங்கள்.

எட்டு மணி வாக்கில் கீழே சதுப்பில் கிளை முறியும் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இருட்டில் இருட்டாக நாலு, ஐந்து உருவங்கள், நடுவில் சின்னது ஒன்று. லைன் முழுக்க ஒரு வீட்டிலும் சத்தமில்லை. பக்கத்து வீட்டு ஜார்க்கண்ட் பெண் கைக்குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். எச்சரிக்கை வந்த குரல் தமிழ், அவருக்குப் புரிவது அவர் ஊர் மொழியான சாதரியும் இந்தியும். அக்காதான் கையால் தும்பிக்கை காட்டி அவரை உள்ளே அழைத்திருந்தார். இந்த ஏற்பாட்டின் அடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வேலைக்கு ஆள் கூட்டி வரும் எவரும், வந்த முதல் நாளே அவர்கள் மொழியில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மகன் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து சேர்ந்தான். அப்புறம்தான் சாப்பிட்டோம். ரசம், நெத்திலிக் கருவாடு.

சனி, பழைய நடவு

இன்று வேலை முடிந்ததும் அண்ணன் என்னைப் பழைய நடவு ஒன்றுக்குக் கூட்டிப்போனார். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன் அவர் இளைஞராக இருந்தபோது நட்டது.

எல்லையில் நின்று பார்த்தேன். இடது பக்கம் எதுவும் செய்யாமல் விட்ட துண்டு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் உண்ணிச்செடி, கொடி மூடிய மொட்டை மரங்கள், உள்ளே கால்வைக்க வழியில்லை. வலது பக்கம் நட்ட துண்டு. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. தலைக்குமேல் இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. வெயில் இல்லாததால் உண்ணிச்செடி தானே செத்திருக்கிறது. காலுக்குக் கீழே மெத்தென்ற இலைச்சருகு, அதற்குள் யாரும் நடாத நாற்றுகள். அண்ணன் குனிந்து ஒன்றைக் காட்டினார்: "இந்த ஜாதிக்காய் நாங்க வச்சது இல்ல. இருவாச்சி போட்டது."

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 7 முதல் 15 வருடம் ஆன நடவுகளை, அதே வயதில் சும்மா விட்ட இடங்களோடும் சீரழியாத காட்டோடும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. மர வகைகளிலும் மரங்கள் சேமித்த கார்பனிலும் நட்ட இடங்கள் நல்ல காட்டை நோக்கி வெகுதூரம் நகர்ந்திருந்தன. பெரிய காட்டிலிருந்து தள்ளி இருக்கும் துண்டுகளில்தான் நடவின் பலன் அதிகம், ஏனென்றால் அங்கே விதை தானாக வந்துசேர வழி குறைவு. நல்ல காட்டை இன்னும் எட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. வெட்டிய காட்டை நட்டு ஈடுகட்டிவிடலாம் என்று சாலைக்கும் அணைக்கும் காடு கேட்பவர்கள் சொல்லும் கணக்கு எவ்வளவு பொய் என்பதற்கு இந்த இடமே சாட்சி. இருபது வருடம், இத்தனை பேர் உழைப்பு, மொத்தமாக மீண்டது சுமார் 100 ஹெக்டேர். வெட்ட ஒரு வாரம் போதும்.

திரும்பும் வழியில் காடர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த மலையின் ஆதிக்குடிகள். கேரளத்தின் வாழச்சால் பக்கம் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்கள் அவர்களே. 2019 ஆகஸ்ட் மழையில் இங்கே கல்லார் குடியிருப்பில் மண் சரிந்து வீடுகள் போயின. பக்கத்தில் தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். அது அவர்களின் காடு, அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பான மேடு. இரண்டு வருடம் எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டு, அறவழியில் போராடி, 2021இல்தான் பட்டா கிடைத்தது. 2006 வன உரிமைச் சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டு வாங்கவே இவ்வளவு காலம். காட்டைக் காப்பது என்று பேசும் எவரும் இவர்களை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நான் இனி நம்பப்போவதில்லை.

ஞாயிறு, இறங்கும் முன்

காலையில் நாற்றங்காலுக்குப் போய் விடைபெற்றேன். அக்கா ஒரு பையில் ஏலக்காயும் மிளகும் கட்டிக் கொடுத்தார். மரக்கன்று கேட்டேன், கொடுக்கவில்லை. உடுமலை மண்ணில் வெடிப்பலா நிற்காது, இங்கே ஒரு குழி காலியாகும் என்றார். நியாயம்.

வர நினைப்பவர்களுக்குச் சில சேதிகள். முதலில் என்.சி.எஃப்.க்கு எழுதிக் கேட்டு, உங்களால் என்ன செய்ய முடியும் என்று சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு வாருங்கள். நடவு ஜூன், ஜூலை மழையில்தான். களையெடுப்புக்கும் விதை பொறுக்கவும் மற்ற மாதங்களிலும் கை தேவைப்படும். காட்டுத் துண்டுகள் எஸ்டேட் நிலம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இருட்டிய பிறகு எஸ்டேட் சாலையில் நடக்காதீர்கள், வண்டியில் போனாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் மெதுவாக. புதுத்தோட்டத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிற்காமல், முப்பதுக்குமேல் போகாமல் கடந்துவிடுங்கள்.

இந்த வாரம் நட்ட சரிவில் அக்டோபரில் முதல் களையெடுப்பு. குச்சி வைத்த ஒவ்வொரு நாற்றையும் அன்று எண்ணுவார்கள். கடமானும் கேளையாடும் கடித்தது போக, மழையில் சரிந்தது போக மிச்சம் எத்தனை என்று அப்போது தெரியும். காலியான குழிகளுக்குத்தான் திங்கட்கிழமை நாங்கள் மண் நிரப்பிய கருங்குங்கிலியம், அதுவும் இன்னும் இரண்டு மழை கழித்து. அக்டோபர் களையெடுப்புக்கு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தேதி போனில் சொல்வதாகச் சொன்னார்.